எப்படி இருக்கு?

கடவுள் உண்டா என்று யாராவது கேட்டால் சுலபமாகத் தப்பித்துவிடலாம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால்தான் கஷ்டம். புது மருமகள் வைத்த வத்தக்குழம்பு, மேலதிகாரி எழுதிய கவிதை, பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தானே அடித்த பெயின்ட்... எல்லாவற்றின் முடிவிலும் இந்த இரண்டு வார்த்தைகள் காத்திருக்கின்றன. கேட்பவர் நம் பதிலைக் கேட்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். ‘பிரமாதம்’ என்றால் காபி வரும். உண்மையைச் சொன்னாலும் வரும். சர்க்கரைதான் குறைவாக இருக்கும்.

நங்கநல்லூரில் ஒரு நண்பர். ரிட்டயர்டு இன்ஜினீயர், வயது 67. மூன்று மாதம் மெனக்கெட்டு, ஹாலில் வைக்க இரண்டு ஸ்பீக்கர்கள் செய்திருந்தார். ரிச்சி தெருவில் வாங்கிய 12 அங்குல டிரைவர்கள், 2 அடி அகலத்தில் ப்ளைவுட் பலகை. அவ்வளவுதான். பெட்டியே கிடையாது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் காந்தமும் ஒயரும் வெட்டவெளியாகத் தெரிகின்றன. இதற்கு ஓபன் பேஃபில் என்று பெயர்.

இதில் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணம் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். தாழ்ந்த ஸ்வரங்களில் இந்த இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். 2 அடிப் பலகையில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிய ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப் புகாத சின்னப் பெட்டியிலேயே ஆழமான பேஸை வரவழைத்துக் காட்டினார். அலமாரியில் வைக்கும் ஸ்பீக்கர்கள் அதற்குப் பிறகுதான் பெருகின.

ஆனால் பெட்டி சும்மா இருக்காது. அதுவும் சேர்ந்து அதிரும், தன் குரலையும் கொஞ்சம் கலக்கும். ‘பெட்டியே வேண்டாம், பின்பக்க ஒலியும் அறைக்குள் தாராளமாகப் போகட்டும்’ என்று ஒரு கோஷ்டி எப்போதும் இருந்துவந்திருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து ஹியூலெட்-பேக்கர்டில் இன்ஜினீயராக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் (1935-2018) இதில் ஒரு குரு. நமக்கும் இது புதிதில்லை. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவின் முதுகை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஓட்டை போட்ட ஒரு அட்டை, அவ்வளவுதான். அந்தக் குரலில் இருந்த நெருக்கத்துக்கு அந்த முதுகும் ஒரு காரணம்.

இந்த வகை ஸ்பீக்கருக்கு இன்னொரு குணம் உண்டு. ஒலி 8 என்ற எண் வடிவத்தில் முன்னும் பின்னும்தான் போகும். பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். ஸ்பீக்கருக்கு நேர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒலி ரொம்பக் குறைவு. இதை மறக்காதீர்கள். பின்னால் தேவைப்படும்.

என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்து எம்.எல்.வசந்தகுமாரியின் பழைய கச்சேரி ஒன்றைப் போட்டார். தம்புரா அறை முழுக்கப் பரவியது. குரல் பலகைக்குப் பின்னாலிருந்து, அங்கே ஒரு மேடை இருப்பதுபோல வந்தது. சொக்கிப்போக வேண்டிய விஷயம். ஆனால் பாட்டில் ‘ஸ’ வரும்போதெல்லாம் காதில் ஊசி குத்தியது. வலந்தலை, கண்ணாடி டம்ளரில் கரண்டியால் தட்டியதுபோல் கேட்டது. ட்வீட்டரின் அளவை மிக அதிகமாக வைத்திருந்தார். அளவை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன்.

‘‘காதால்தான். மீட்டரையெல்லாம் நம்பறதில்ல. எப்படி இருக்கு, சொல்லுங்க!’’

வயதாகும்போது காது மேல் ஸ்தாயியில்தான் முதலில் தேயும். பிறக்கும்போது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்ட காதுக்கு, அறுபதைத் தாண்டியதும் பெரும்பாலும் 12,000-க்கு மேலே மௌனம்தான். அதற்குக் கீழேயும் மங்கல். இது மெதுவாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. நண்பர் தன் காது இழந்ததையெல்லாம் ட்வீட்டரில் கூட்டி வைத்திருக்கிறார். அவருக்குச் சரியாக இருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கு ஊசி.

அவர் மனைவி ஓரமாக ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இடது ஸ்பீக்கருக்கு நேர் பக்கவாட்டில். ‘‘எப்பவும் இங்கதான்ணா உட்காருவேன். இங்க சத்தம் கம்மி’’ என்றார் மெதுவாக. 8 வடிவத்தின் இடுப்பை எந்தப் புத்தகமும் இல்லாமல் கண்டுபிடித்திருந்தார். கணவரிடம் மட்டும் மூன்று மாதமாக ‘நல்லா இருக்கு’ என்றே சொல்லி வந்திருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள், என்ன பதில் சொல்வது?

ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1797-ல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார். அவர் நங்கநல்லூருக்கு வந்திருந்தால் காபிக்கு வழியில்லை. வள்ளுவர் கொஞ்சம் இளகிய மனசுக்காரர். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்கிறார். நாம் எல்லோரும் இந்தக் குறளை நமக்குச் சாதகமாகப் பிடித்துக்கொள்கிறோம். ‘குற்றமில்லாத’ என்ற நிபந்தனையை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம். ‘பிரமாதம்’ என்ற பொய்யால் நண்பருக்கு நன்மை. ஊஞ்சலில் இருப்பவருக்கு? யாரோ ஒருவர் தினமும் வட்டி கட்டும்படி வைக்கிற பொய், குற்றமில்லாத நன்மைக் கணக்கில் வராது.

சரி, அவருடைய சந்தோஷம் பொய்யா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதை விஞ்ஞானிகளும் சோதித்துவிட்டார்கள். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாதாரண ஆட்களைக் காகிதத்தில் தவளை, கொக்கு மடிக்கச் சொன்னார்கள். அந்தக் கோணல் கொக்குக்கு மற்றவர்கள் சுமார் 5 சென்ட்தான் தரத் தயார். மடித்தவர்களோ 23 சென்ட் தரத் தயார், கிட்டத்தட்ட கைதேர்ந்தவர்கள் மடித்ததற்குச் சமமாக! காதும் இப்படித்தான். 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் திரையை விலக்கியும் கேட்கவைத்து மார்க் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் மார்க் மாறிவிட்டது. காது பாவம், கண்ணும் மனசும் சொல்வதைக் கேட்டு நடக்கிற குமாஸ்தா.

இதை வைத்து ‘உங்கள் ரசனையே மாயை’ என்று நண்பரிடம் சொல்லலாமா? கூடாது என்று நினைக்கிறேன். ‘என் ஸ்பீக்கர் எனக்குப் பிடிக்கிறது’ என்பது நன்றி சொல்வது மாதிரி. அதற்குச் சாட்சி வேண்டாம், திரை வேண்டாம். தன் கையால் அறுத்து, தேய்த்து, சால்டர் வைத்த ஒன்று பாடும்போது வருகிற சந்தோஷத்தில் அந்த உழைப்பும் சேர்ந்து ஒலிக்கிறது. ‘என் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது’ என்பது வேறு. அது மற்றவர்கள் காதையும் பற்றிய பேச்சு. அதற்கு மற்றவர்களைக் கேட்டாக வேண்டும். முதல் வாக்கியம் இரண்டாவதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் வீட்டில் தகராறு. ஸ்பீக்கருக்கு மட்டுமில்லை, வீட்டுக் கல்யாணத்துக்கும் கட்சிக்கும் பக்திக்கும் இதேதான்.

‘‘குரல் எதிர்ல நிக்குது. ‘ஸ’ மட்டும் எனக்குக் குத்துது. பேரனைக் கூப்பிட்டுக் கேளுங்களேன்’’ என்றேன். ஒன்பது வயதுப் பையன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டான். ‘‘பாட்டு ஓகே தாத்தா. காது கூசுது’’ என்று ஓடிவிட்டான்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘அப்ப நான் கேக்கறது வேற, நீங்கள்லாம் கேக்கறது வேறயா?’’ என்றார். அவர் கேட்டது ஸ்பீக்கரைப் பற்றியே இல்லை. உண்மையைச் சொல்வதன் விலை இது. கேட்டவர் கேட்காத ஒன்றையும் சேர்த்தே தெரிந்துகொள்கிறார். ட்வீட்டரின் அளவைக் குறைக்க ரிச்சி தெருவில் சில ரூபாய்க்கு ரெசிஸ்டர் கிடைக்கும். அதைப் போட்டால் குடும்பத்துக்குச் சரியாகிவிடும். அவருக்கு எம்.எல்.வி. போர்வைக்குள்ளிருந்து பாடுவார்.

அப்படியானால் ஹாலில் இருக்கும் ஸ்பீக்கர் யார் காதுக்கு? செய்தவருக்கா, சகிப்பவருக்கா?

அவர் கடைசியில் ரெசிஸ்டருக்குப் பதிலாகத் திருகக்கூடிய ஒரு குமிழை வைத்தார். அதில் பென்சிலால் இரண்டு கோடுகள். ஒன்று அவர் தனியாக இருக்கும்போது, இன்னொன்று வீடு நிறைந்திருக்கும்போது. நியாயமான ஏற்பாடு. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அந்த இரண்டாவது கோடு வர ஒருவர் மூன்று மாதம் ஊஞ்சலில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சொல்லவில்லை என்று குறை சொல்வது சுலபம். சொல்ல முடிகிற மாதிரி நாம் கேட்டோமா என்பது அடுத்த கேள்வி. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கும்போதே பதிலையும் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு நின்றால், வீட்டில் யார் வாய் திறப்பார்கள்?

நம் எல்லோருக்கும் நாமே செய்து, நாமே மெச்சி, ஹாலின் நடுவில் வைத்திருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஸ்பீக்கராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோபமாக இருக்கலாம், கொள்கையாக இருக்கலாம், நாற்பது வருஷமாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிற ஒரு கதையாக இருக்கலாம். இன்று சாயங்காலம் ஒரு தடவை பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். யார் அங்கே நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.