கண்ணில் படாதவர்கள்

அரியமங்கலத்திலிருந்து திருவெறும்பூருக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். தஞ்சாவூர் ரோடு அங்கே கிழக்குப் பக்கமாகப் போகிறது. போகும்போது ஏறுவெயில் மூஞ்சியில், திரும்பும்போது இறங்குவெயில் மூஞ்சியில். எனக்குக் கண் கூசுவதுகூடப் பெரிதில்லை. பின்னால் வருகிற வண்டிக்காரருக்கும் அதே கூச்சம்தான். என் நிழல் எனக்குப் பின்னால் நீண்டு விழுகிற நேரமெல்லாம், பின்னால் வருகிறவர் கண்ணுக்கு நான் இல்லை. அடிபட்டுக் கற்ற பாடம் இது.

ஒரு பங்குனி மாதக் காலையில் வேன் ஒன்று உரசித் தள்ளியது. முழங்கை எலும்பு முறிந்து ஆறு வாரம் கூலி இல்லை. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "சத்தியமா தெரியலண்ணே, வெயில் கண்ண மறச்சிருச்சு." கூடி நின்றவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "பளிச்சுன்னு ஒரு சட்ட போட்டு வரக்கூடாதா?"

டிரைவர் பொய் சொல்லவில்லை. கண்ணாடியில் தூசியும் கீறலும் இருந்தால், சாய்ந்த வெயில் அதில் பட்டுச் சிதறி முன்னால் இருப்பதையெல்லாம் வெள்ளையாக்கிவிடும். ஆனால் சட்டை யோசனை உதவாது. வெயில் என் நெஞ்சில் அடிக்கும்போது முதுகு நிழலில் இருக்கிறது. எந்த நிறமும் அங்கே கறுப்புதான். மட்கார்டில் இருக்கிற சிவப்பு வில்லையும் பின்வண்டியின் விளக்கு பட்டால்தான் மின்னும். பகலில் யார் விளக்குப் போடுகிறார்கள்? விட்டுவிட்டு எரிகிற பின்விளக்கு கொஞ்சம் உதவும். ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்பினால் சூரியன் 15 பாகை ஏறிவிடும். ஆனால் ஏழரைக்கு கேட்டைச் சாத்திவிடுவார்களே!

பளிச்சென்ற சட்டை என்றதும் எங்கப்பா ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளில் உட்கார்ந்தபடி ஊர்த்தெருவில் போனால் எங்க ஊரில் அவருக்கு அடி விழும். தெருமுனையில் இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போவார். அவர் கண்ணில் பட்டது குற்றம். நான் கண்ணில் படாதது குற்றம். எப்படிப் பார்த்தாலும் தப்பு நம்ம பேரில்தான்.

பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 3 மணிக்குப் பின்னும் மகர்களும் மாங்குகளும் நகருக்குள் இருக்கக்கூடாது என்று தடை இருந்தது. அந்த நேரத்து நிழல் நீளம், மேலே பட்டுவிடுமாம். திருநெல்வேலிப் பக்கத்துப் புதிரை வண்ணார்கள் பகலில் வெளியே வரக்கூடாது என்றிருந்த கொடுமையை, 1932இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

அப்படியானால் பார்க்காதது குற்றமா? இல்லை. கண் கூசுவது யார் கையிலும் இல்லை. தனக்குத் தெரியவில்லை என்று தெரிந்த பிறகும் அதே வேகத்தில் போவதுதான் குற்றம். "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்பவர்களும் இப்படித்தான். தெரியவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். வேகத்தைக் குறைத்தாயா என்பதுதான் கேள்வி.

சைக்கிளில் பின்விளக்கு மாட்டியபோது ஒரு தோழர் சண்டைக்கு வந்தார். "அவன் பாக்காததுக்கு நாம ஏன் வெளக்கு கட்டணும்?" நான் உயிரோடு வீடு திரும்ப வேண்டும், அதற்காகக் கட்டினேன். என் விளக்கால் அவர்கள் கடமை தீர்ந்துவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் ரோடு கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர்மேல் நானே மோதப் பார்த்தேன். அதே வெயில்தான். "பாத்து வாய்யா, ஆள் இருக்கறது தெரியலயா?" என்றார். "தெரியலம்மா" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் அந்த இடத்தில், கண் கூசினால், இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். எங்கப்பாவை இறக்கிவிட்டார்கள். நான் நானாக இறங்குகிறேன்.