மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

மே 1: தொழிலாளரான புனித யோசேப்பு



நாசரேத்தூரார் இயேசுவின் போதனையைக் கேட்டு மலைத்துப்போனார்கள். மறுகணமே, தச்சர் மகன்தானே என்று முகம் சுளித்தார்கள் என்கிறது மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரம். அவர்கள் இளக்காரமாகச் சொன்னதைத் திருச்சபை பெருமையாக ஏற்றுக்கொண்டது. 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் இந்த மே முதல் நாளை உழைப்பாளி யோசேப்பின் திருநாளாக்கினார்.

நம் விருத்தாசலம் பீங்கான் ஊர். பச்சை மண்ணில் விட்ட குறை சூளையில் வெந்த பிறகே விரிசலாகத் தெரியும் என்பது இங்கே பலருக்கும் கைகண்ட பாடம். கார் மெக்கானிக்கின் வேலையும் அத்தகையதே. என்ஜினை மூடிவிட்டால், உள்ளே செய்தது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஒன்றாக வைத்துக் கடையப்பட்டவை. என்ஜினில் உள்ள கேப்புகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டாலும் போல்ட் ஏறிவிடும். ஆனால் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஆயில் நிற்கும் இடைவெளி ஒரு தலைமுடி கனம்தான். அது கெட்டால் என்ஜின் சீஸ் ஆகிவிடும். அதனால்தான் நல்ல மெக்கானிக் கழற்றும்போதே குறி போட்டு வரிசையாக அடுக்குகிறார். ஆயில் துளைகளைக் கழுவிக் காற்றடிக்கிறார். முதல் ஸ்டார்ட்டில் பம்ப் ஆயிலைக் கொண்டுவரச் சில நொடி ஆகும் என்பதால், பேரிங்கில் ஆயில் தடவியே பூட்டுகிறார். ஹெட் போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குகிறார். அவசரப்பட்டு ஒரு மூலையை மட்டும் முறுக்கினால் ஹெட் கோணும், கேஸ்கெட் போய்விடும். பழைய கேஸ்கெட்டையே துடைத்துப் போட்டுவிட்டுப் புதியதற்குப் பில் எழுதுவது திருட்டுதான்.

அந்த வண்டியில் நாளை நள்ளிரவில் ஒரு பெண் பிரசவ வலியோடு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சின்னக் காரியத்தில் உண்மையாய் இருப்பவரே பெரிய காரியத்திலும் உண்மையாய் இருப்பார் என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கற்பிக்கிறார். ஒரு போல்ட் சின்னக் காரியம். ஓர் உயிர் பெரிய காரியம்.

வண்டி வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உழைப்பின் மதிப்பை அதைச் செய்யும் மனிதரை வைத்தே அளக்க வேண்டும் என்று 1981-இல் புனித இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் எழுதினார். சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும் என்று நெருக்கி, கூலியையும் குறைத்தால், உள்ளே விடப்படும் பிழையில் நமக்கும் பங்குண்டு. கிரீஸ் படிந்த கையைப் பார்த்து ஒதுங்கினால், நாசரேத்தூராரின் குற்றத்தையே நாமும் செய்கிறோம்.

ஆகவே, மெக்கானிக் சகோதரர்களே, சந்தேகம் வந்த போல்ட்டை இன்னொரு முறை சரிபாருங்கள். வேலை கற்க வந்திருக்கும் தம்பிக்கு ஏன் என்று விளக்கிச் சொல்லிக்கொடுங்கள். வண்டிக்காரர்களே, அதற்கான நேரத்தையும் நியாயமான கூலியையும் கொடுங்கள். தம் கைகளால் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த யோசேப்பு நமக்காகப் பரிந்துபேசுவாராக. ஆமென்.