கைப்பிடியின் உயரம்

பத்து மாதக் குழந்தையையும் வைத்துக்கொண்டு காலையில் ஓடப் போகலாமா, அதற்கு எந்த வண்டி வாங்கலாம் என்று எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் கேட்டார். சேலையூரில் குடியிருக்கிறார். படிக்கும் காலத்தில் ஓட்டப் பந்தயங்களில் ஓடியவர். கேள்வி எளிமையானதுதான். விலை, எடை, சக்கரம் என்று நான்கு விவரம் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் இந்தக் கேள்வியை அவருடைய கணவர் யாரிடமும் கேட்டதில்லை. அவரும் ஓடுகிறவர்தான். காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரே வீட்டில் ஒருவருக்கு ஓடுவதற்கு ஷூ போதும். இன்னொருவருக்கு ஷூவோடு ஒரு வாகனமும் வேண்டும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது, இது நியாயம்தானா என்பதைப் பேசாமல் வண்டியைப் பற்றி மட்டும் பேச முடியவில்லை.

முதலில், கேட்டதற்குப் பதில். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஓடக் கூடாது. அது நடக்கும் வேகத்துக்கும் வழுவழுப்பான தரைக்கும் செய்தது. ஓடுவதற்கென்று வரும் வண்டிக்கு மூன்று சக்கரங்கள். மூன்றும் சைக்கிள் டயர்போலக் காற்று அடைத்தவை. முன்சக்கரத்தை நேராகப் பூட்டிவைக்க வழி இருக்க வேண்டும். இஷ்டத்துக்குத் திரும்பும் முன்சக்கரம், ஓடும் வேகத்தில் ஒரு ஜல்லிக்கல்லில் பட்டால் சட்டென்று பக்கவாட்டில் திரும்பி வண்டியைக் கவிழ்த்துவிடும். குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், குழந்தையைத் தோள், இடுப்பு, தொடையிடுக்கு என்று ஐந்து முனைகளில் பிடிக்கும் பெல்ட், நிறுத்தி வைக்கக் கால் பிரேக், இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கக் கை பிரேக், கை நழுவினாலும் வண்டி ஓடிவிடாமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டை ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். கழுத்து நன்றாக நின்று, ஆறு முதல் எட்டு மாதமாவது ஆன பிறகு, குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டத்தில் சேர்க்கலாம். வெயில் படுகிறதே என்று வண்டியின் மேல் துணியைப் போர்த்தக் கூடாது. காற்று நின்று உள்ளே சூடு ஏறும். நம் ஊரில் ஏழு மணிக்கு முன் வீடு திரும்பிவிடுவது நல்லது. பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு என்பதால் நல்ல வண்டியின் விலை பழைய ஸ்கூட்டர் ஒன்றின் விலையைத் தொடும்.

கடைக்காரரின் பதில் இத்துடன் முடிகிறது. இனி வண்டியின் கதை.

1984இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் ஃபில் பேக்லர் என்பவர் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி ஒரு குழந்தை வண்டியைச் செய்தார். ஓடுவதில் விருப்பமுள்ள அவருக்குத் தன் மகனையும் உடன் கொண்டுபோக வேண்டியிருந்தது. அது ‘பேபி ஜாகர்’ என்ற பெயரில் வணிகப் பொருளானது. அதே 1984இல்தான் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தார்கள். ஜோன் பெனாய்ட் வென்றார். அதுவரை ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட தூரம் 1500 மீட்டர். அதே லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். ஒரே ஆண்டில் உலகம் பெண்ணின் கால்களுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டரைத் திறந்துவிட்டது. ஒரு தகப்பன் தன் கைகளுக்கு ஒரு வண்டியைச் செய்துகொண்டான். இந்த இரண்டாவது செய்தியை நாம் மறந்துவிடுகிறோம். குழந்தையோடு ஓடும் வண்டி அம்மாக்களுக்காகப் பிறக்கவில்லை. ஓட நினைத்த அப்பா ஒருவர், குழந்தையும் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டதால் பிறந்தது. நம் வீடுகளுக்குள் நுழையும்போது அது எப்படி அம்மாவின் வண்டியாக மாறிவிடுகிறது?

தமிழில் இந்தப் பொருளுக்குச் சொல் தேடிப் பார்த்தேன். தள்ளுவண்டி என்றால் நமக்கு இட்லிக் கடையும் காய்கறியும்தான் நினைவுக்கு வரும். நடைவண்டி என்பது நடை பழகும் பிள்ளை தானே தள்ளிக்கொண்டு போவது. அதற்கும் மூன்று சக்கரங்கள். இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலையில், குதிரை இல்லாமல் சிறுவர்கள் உருட்டிக்கொண்டு போகும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. அதன் வழியில் கிடந்து தடுப்பது ஒரு காதணி. காயவைத்த உணவைக் கொத்த வந்த கோழியின் மேல் ஒரு பெண் கழற்றி எறிந்த காதணி அது. வகுப்பில் இந்த இடத்தை நகரத்தின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகத்தான் பல காலமாக நடத்துகிறோம். இன்னொன்றும் அங்கே இருக்கிறது. உருளும் சக்கரம் பையன்களிடம் இருக்கிறது. பெண் உணவுக்குக் காவல் இருக்கிறாள். கோழியை விரட்டக்கூட எழுந்து ஓடாமல், இருந்த இடத்திலிருந்தே எறிகிறாள்.

பிள்ளைத்தமிழ் இந்தப் பிரிவினையை இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. பத்துப் பருவங்களில் முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரியும். குமரகுருபரர் இரண்டும் பாடியவர். முத்துக்குமாரசுவாமிக்குச் சிறுதேர் கொடுத்து முடிக்கிறார், மீனாட்சிக்கு ஊசல். தேர் புறப்பட்டால் போய்க்கொண்டே இருக்கும். ஊஞ்சல் எவ்வளவு வேகமாகப் போனாலும் திரும்பி வந்து அதே உத்தரத்தின் கீழ்தான் நிற்கும். திசைகளை எல்லாம் வென்று வந்தவள் என்று புராணம் சொல்லும் மீனாட்சிக்கே ஊஞ்சல்தான் என்றால், சேலையூர்ப் பெண்ணுக்குச் சக்கரம் எளிதில் கிடைத்துவிடுமா?

கிடைத்தாலும் எங்கே உருட்டுவது? 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதாகிவிட்டது, கேம்ப் ரோட்டிலோ முடிச்சூர் சாலையிலோ ஒரு குழந்தை வண்டியை நூறடி தடையில்லாமல் தள்ளுவது இன்னும் சாகசம்தான். நடைபாதை இருக்கும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, பைக் நிற்கிறது, மூடி பெயர்ந்த வடிகால் வாய் பிளந்து கிடக்கிறது. நடைபாதை இல்லாத இடத்தில் லாரியின் புகைக்குழாயும் குழந்தையின் முகமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. தாம்பரம் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே தண்டவாளம். படியேறிக் கடக்க வேண்டிய இடத்தில் சக்கரத்துக்கு வேலையில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட பாதசாரி வசதி நெறிமுறை, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் சக்கர நாற்காலிக்கும் இடம் உண்டு. நடைபாதைக்கும் தாழ்தளப் பேருந்துக்கும் சாய்தளத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் போராட்டம் குழந்தை வண்டிக்கான போராட்டமும்தான். அம்மாக்கள் அதில் பெரிதாகச் சேரவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கியதும் நம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். அவர்களுக்குத் தீர்வதில்லை.

இனி, அறம் சார்ந்த கேள்வி. ஓடப் போகும் அந்த ஒரு மணி நேரம் யாருடையது? குழந்தையை வைத்திருக்கும் பெண்ணின் நேரம் அவளுடையதாகப் பிறப்பதில்லை. யாரிடமிருந்தாவது அவள் அதை வாங்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். பராமரிப்பு வேலையில் 134 நிமிடம், 76 நிமிடம். இந்தக் கணக்கிலிருந்து அறுபது நிமிடத்தை எடுக்க மூன்று வழிகள் தெரிகின்றன. மாமியாரிடமோ அம்மாவிடமோ குழந்தையை விடலாம். அது ஏற்கெனவே ஒரு பிள்ளையை வளர்த்து முடித்த பெண்ணின் உறக்கத்திலிருந்து எடுப்பது. சம்பளத்துக்கு ஓர் ஆயாம்மாவை வைக்கலாம். ஐந்தரை மணிக்கு நம் வீட்டுக்கு வருவதற்காக அவர் தன் பிள்ளைகளை எழுப்பாமலே விட்டுவிட்டு வந்திருப்பார். இல்லையென்றால் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓடலாம்.

மூன்றாவதுதான் சுத்தமான வழி, யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்று தோழிகள் சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு இந்த வண்டி ஒரு வரம். அவளிடம் போய்த் தத்துவம் பேசக் கூடாது. அம்மா வியர்த்து, மூச்சு வாங்கி, தன் உடம்பை ஒரு மகிழ்ச்சிக்காகப் பயன்படுத்துவதைக் குழந்தை முன்னிருக்கையில் இருந்து அனுபவிப்பதும் நல்ல கல்வி. ஆனால் கணவரும் இருக்கும் வீட்டில் இந்த ‘சுத்தமான வழி’ என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லோரையும் விடுவிக்கிறது. அவர் எழுந்திருக்க வேண்டாம், பால் பாட்டில் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டாம். அவளுடைய 134 நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அதன்மேல் ஓட்டம் ஏற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பிடும்போது மடியில் வைத்துக்கொள், தாள் திருத்தும்போது தொட்டிலை ஆட்டு என்பதன் தொடர்ச்சியாக, ஓடும்போது தள்ளிக்கொண்டு ஓடு.

இன்னொன்றும் இருக்கிறது. மும்பைப் பெண்களையும் பொதுவெளியையும் பற்றி ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூலை எழுதினார்கள். வெளியே இருக்கும் பெண், தான் ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறேன் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. குழந்தையைப் போலக் கண்ணியமான காரியம் வேறு உண்டா? விடிகாலையில் தனியாக ஓடும் பெண்ணை டீக்கடை பார்க்கும் பார்வை வேறு, குழந்தை வண்டியோடு ஓடுபவளைப் பார்க்கும் பார்வை வேறு. பின்னவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், வழி விடுவார்கள். ஒரு வயதுகூட ஆகாத பிள்ளையை நம் ஒழுக்கத்துக்குச் சாட்சியாக முன்னால் உட்கார்த்தி வைத்துத்தான் தெருவில் இறங்க முடியும் என்றால், அது நமக்கும் அவமதிப்பு, பிள்ளைக்கும் அநீதி.

பழி யார்மேல் விழும் என்பதையும் யோசிக்க வேண்டும். பிப்ரவரி 2018இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ‘பாப்’ என்ற பெயரில் விற்ற ஓட்ட வண்டிகள்மீது வழக்குத் தொடுத்தது. விரைவாகக் கழற்றி மாட்டும் முன்சக்கரம் ஓட்டத்தின் நடுவே கழன்றதாக ஏறத்தாழ 200 புகார்கள். குறைந்தது 50 குழந்தைகளுக்கும் 47 பெரியவர்களுக்கும் காயம். வண்டியில் குறையில்லை, சொன்னபடி பூட்டினால் கழலாது என்பது நிறுவனத்தின் வாதம். அதே ஆண்டு நவம்பரில் வண்டிகளைத் திரும்பப் பெறாமலேயே சமரசம் ஆனது. சக்கரத்தை எப்படிப் பூட்டுவது என்று மக்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதில் ஒரு பகுதி. ‘சரியாகப் பூட்டாதவர்’ என்று நம் ஊரில் சொன்னால் எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள்? அப்பா தள்ளி வண்டி சாய்ந்தால் அது விபத்து. அம்மா தள்ளிச் சாய்ந்தால், இவளுக்கு எதற்கு இந்த ஓட்டம்.

அப்படியானால் வண்டியே வேண்டாமா? வேண்டும். விருப்பமாகச் செய்யும்போது ஒன்றாக இருக்கும் செயல், நிபந்தனையாகும்போது வேறாகிவிடுகிறது. குழந்தையோடு ஓடுவது இனியது என்பதால் ஓடுவதும், குழந்தையைக் கூட்டிப்போனால்தான் ஓடலாம் என்பதால் ஓடுவதும் தெருவில் பார்ப்பவர்களுக்கு ஒரே காட்சியாகத்தான் தெரியும். வித்தியாசத்தை அறிய ஒரு சோதனை உண்டு. யாருக்கும் விளக்கம் சொல்லாமல், யாருடைய நன்றிக்கடனையும் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், வெறும் கையோடு அவளால் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு போக முடிகிறதா? முடிகிற வீட்டில் அந்த வண்டி சுதந்திரத்தின் துணை. முடியாத வீட்டில், அது சக்கரம் வைத்த வீட்டு வேலை.

இந்த வண்டிகள் சிலவற்றில், தள்ளுபவரின் உயரத்துக்கு ஏற்பக் கைப்பிடியை ஏற்றி இறக்கலாம். முதுகுவலி வராமல் இருக்க என்று விளம்பரம் சொல்லும். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். இரண்டு உயரங்களில் இருக்கும் இரண்டு பேர் மாறி மாறித் தள்ளுவார்கள் என்று அதை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அந்த ஆசிரியையிடம் பூட்டும் முன்சக்கரம், காற்று டயர், கை பிரேக் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, கைப்பிடியை உயர்த்த முடிகிற வண்டியாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். திங்கள், புதன், வெள்ளி அதை அவர் கணவரின் உயரத்தில் வைக்கட்டும். அந்த நாட்களில் இவர் ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு போகட்டும்.

“அவர் உயரத்துக்கு வருமான்னு கடையில கேக்கறேன்க்கா” என்றார். கடையில் கேட்பதற்கு முன் வீட்டில் கேட்கச் சொன்னேன்.