கூலி கிடைத்தால் போதுமா?

"வேலை கொடுத்திருக்கிறார்களே, அது போதாதா?" என்று கேட்போர் உளர். வறுமை வாட்டும் நாட்டில் வேலையே ஒரு வரம். வரம் பெற்றவன் வாய் திறக்கலாமா என்பது அவர்தம் வாதம். அந்த வாதத்தை வங்கதேசத்தின் வரலாற்றிலே உரைத்துப் பார்ப்போம், தோழர்களே!

1971இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டின் ஏற்றுமதி என்றால் பெரும்பாலும் சணல்தான். 1970களின் இறுதியில் தேஷ் என்ற நிறுவனம் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துடன் கைகோத்தது. 130 பேர் கொரியா சென்று ஆடைத் தொழில் பயின்று திரும்பினர். அரசும் துணை நின்றது. ஏற்றுமதி ஆடைக்கான துணியைச் சுங்கவரியின்றி இறக்குமதி செய்யவும், அயல்நாட்டாரின் கொள்முதல் உறுதியைக் காட்டியே கடனில் துணி வாங்கவும் வழி செய்தது. விளைவு? நாளடைவில் ஏறத்தாழ 40 லட்சம் பேருக்கு வேலை. அவருள் பெரும்பாலோர் பெண்கள்! படி தாண்டாதே என்று அடக்கி வளர்க்கப்பட்டவள், மாதம் பிறந்தால் தன் கையால் சம்பளம் வாங்கினாள். இதனை எள்ளி நகையாடும் கூட்டத்தில் நாம் இல்லை. ஆலை வேண்டாம், குடிசையே கோயில் என்று பேசுவோர் குடிசையில் குடியிருப்பவர் அல்லர்!

ஆனால் 2013 ஏப்ரல் 24ஐ எங்ஙனம் மறப்பது? டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே வெடிப்புகள் கண்டுவிட்டன. கீழே இருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றிவிட்டது. மேல்மாடித் தையல் தொழிலாளரோ மறுநாள் காலை உள்ளே போகுமாறு ஏவப்பட்டனர். போகாவிடில் சம்பளம் போய்விடும் என்ற மிரட்டலோடு!

"விதி" என்பர் சிலர். கட்டடம் ஒன்று, வெடிப்பும் ஒன்று. வங்கி ஊழியருக்கு ஒரு விதி, தையற்காரிக்கு வேறு விதியா? முறையான அனுமதியின்றி மாடிமேல் மாடி அடுக்கியது விதியா, பேராசையா?

'வர முடியாது' என்று சொல்ல அவளுக்குத் தெரியாதா? தெரியும். சொல்லிவிட்டுப் போய் நிற்க வேறு வாசல் எங்கே? ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கும் ஒரே தொழிலிலிருந்து வரும் நாடு அது. ஒற்றை வாசல் உள்ள வீட்டில் வாயிற்காவலனே மன்னன்! மருந்து, தோல், கப்பல் கட்டுதல், உணவு பதப்படுத்தல் என்று பல துறைகள் வளர்ந்தால்தான் அவளுக்கு வாசல்கள் பல திறக்கும். ஆகவேதான் தொழிற்கொள்கையைப் பொருளாதாரக் கணக்கு மட்டும் என்று நாம் கருதவில்லை. அது மனித மானம் பற்றிய கேள்வி என்கிறோம்.

வாசல்கள் திறக்கும் வரை சாவைச் சகிப்பதா? வேண்டியதில்லை. அதே 2013இல் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும், சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. தூண்கள் வலுப்பெற்றன, தீத்தடுப்புக் கதவுகள் வந்தன. ஆடைத் தொழில் அழிந்ததா? இல்லை, அதன்பின் ஏற்றுமதி உயர்ந்தது! பாதுகாப்புக் கேட்டால் பிழைப்பே போய்விடும் என்ற பூச்சாண்டி பொய்த்தது.

எங்கே புதிய ஆலைக்குக் கால்கோள் நடந்தாலும், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கட்டும் இளைஞர்கள். அத்துடன் நிறுத்திவிட வேண்டாம். சுவர் வெடித்த நாளில் அங்கே பணிபுரிபவள் 'வர மாட்டேன்' என்று சொன்னால், மறுநாளும் அவள் வீட்டில் அடுப்பெரியுமா என்றும் கேட்கட்டும்.