பொய்முடியும் பொய்யும்

தமிழில் 'பொய்' என்ற சொல் எப்போதும் குற்றத்தைச் சுட்டுவதில்லை. பொய்ப்பல் கட்டிய நம் அப்பாமாரை ஊரார் பொய்யர் என்று சொன்னதில்லை. பொய்க்கால் பொருத்திக்கொண்டு வெடிகுண்டில் இழந்த நடையை மீட்டெடுத்தவர்களை இந்த நாட்டில் நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்; அவர்களிடம் எவரும் வாய்மை பற்றிக் கேள்வி எழுப்பியதில்லை. ஆனால் பொய்முடி என்று வந்ததும் நம்மவர் முகம் மாறிவிடுகிறது. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் ஹறாம் என்கிறார்கள். முதன்முறையாக அதை அணிய நினைப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே தனியாக நிற்கிறார். அவருக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மார்க்கத்தின் பக்கம் இருந்தே தொடங்குவோம். முடியோடு முடி சேர்ப்பவளையும், சேர்த்துக்கொள்பவளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக வரும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதன் பின்னணி மனதைத் தைக்கக்கூடியது. அஸ்மா பின்த் அபூபக்ர் (றழி) அவர்களின் அறிவிப்பின்படி, புதிதாக மணமான தன் மகளுக்குச் சின்னமுத்து கண்டு முடி கொட்டிவிட்டது, அதில் முடி சேர்க்கலாமா என்று ஒரு தாய் வந்து கேட்கிறாள். அனுமதி கிடைக்கவில்லை. நோயாளிகளுக்கு விதிவிலக்கு இருக்குமே என்று எளிதாகக் கடந்துபோக இந்த ஹதீஸ் நம்மை விடுவதில்லை. ஆறுதல் சொல்லும் அவசரத்தில் இதை மறைத்துப் பேசுபவர்களின் ஆறுதலில் எனக்கு நம்பிக்கையில்லை. முஆவியா (றழி) அவர்கள் மதீனாவின் மிம்பரில் நின்று, ஒரு கொத்து முடியைக் கையில் எடுத்துக் காட்டி, உங்கள் உலமாக்கள் எங்கே என்று கேட்ட செய்தியும் இரு கிரந்தங்களிலும் உண்டு. நபியவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஸூர்'. பொய்ம்மை என்பதே அதன் பொருள்.

ஆயினும் இமாம்கள் இந்தத் தடையை ஒரே சொல்லில் முடித்துவிடவில்லை. எதனால் தடை என்று தேடினார்கள். மனித முடியைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு ஹனபி அறிஞர்கள் காட்டிய காரணம் மனிதனின் கண்ணியம்: அவனுடைய உடலின் பகுதி இன்னொருவரின் உபயோகப் பொருளாகக் கூடாது. நம் ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞரான இமாம் நவவி மனித முடிக்கு இதே காரணத்தைச் சொல்லி அதை முற்றாகத் தடுக்கிறார். மனிதனுடையதல்லாத, சுத்தமான முடியாயின் கணவனின் அனுமதியோடு ஒரு மனைவி சேர்த்துக்கொள்ளலாம் என்பதே மத்ஹபின் வலுவான கருத்து என்றும் எழுதுகிறார். தடை முடிக்குரியதே, கம்பளி நூல் போன்றவற்றுக்கு அல்ல என்பது எகிப்தின் லைஸ் இப்னு ஸஃதின் கருத்து. ஆக, கண்ணியம், ஏமாற்று என்ற இரண்டு காரணங்கள் அவர்களது பேச்சில் பின்னிக் கிடக்கின்றன. இன்று கடைகளில் கிடைக்கும் செயற்கை இழை அவர்கள் காணாத பொருள். அதைப் பற்றியும், நோயால் முழு முடியையும் இழந்தவர் பற்றியும் இக்கால அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. குறையை நீக்குவது வேறு, அழகைக் கூட்டுவது வேறு என்று பிரிப்பவர்கள், போரில் மூக்கை இழந்த அர்பஜா (றழி) வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது தங்கத்தில் மூக்குச் செய்துகொள்ளும்படி பணிக்கப்பட்டதை எடுத்துக்காட்டுகிறார்கள். நான் முப்தி அல்ல. பத்வா கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குள்ள அக்கறை அந்த இரு காரணங்களிலும் உள்ள அறம் பற்றியது.

கண்ணியம் என்ற காரணத்தைப் பழங்காலக் கவலை என்று தள்ளிவிட முடியாது. திருப்பதியில் நேர்த்திக்காக இறக்கப்படும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அது கடல் கடந்து போய் உலகின் விலையுயர்ந்த விக்குகளாகிறது. தலையைக் கொடுத்த ஏழைப் பெண் அதைத் தன் தெய்வத்துக்குத்தான் கொடுத்தாள். சந்தைக்குக் கொடுப்பதாக அவள் நினைத்திருக்க நியாயமில்லை. 2004ஆம் ஆண்டில் இந்த முடி யூத உலகத்தையே கலக்கியது. மணமான யூதப் பெண்களில் வைதிகர்கள் பலர் தம் முடியை மறைக்க விக் அணிபவர்கள். திருப்பதி முடி வேற்று வழிபாட்டில் காணிக்கையாக்கப்பட்டது, ஆகவே ஆகாது என்று ஜெரூசலத்தின் றப்பி எல்யஷிவ் தீர்ப்பளித்ததும், புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் தம் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அவர்களது காரணம் வேறு, நம்முடையது வேறு. ஆனால் தலையில் வைப்பதற்கு முன் இது யாருடைய தலையிலிருந்து, எப்படி வந்தது என்று கேட்டார்களே, அந்தக் கேள்வி நமக்கும் உரியது. மனித முடி வேண்டாம் என்று நம் இமாம்கள் சொன்னதில், விற்கத் தன் முடியைத் தவிர வேறெதுவும் இல்லாதவளைக் காக்கும் ஒரு வேலியும் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் ஏமாற்று. ஏமாற்று என்றால் ஏமாறுபவர் ஒருவர் இருக்க வேண்டும். உண்மையை அறியும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு என் தலையின் வரலாற்றை அறியும் உரிமை என்ன இருக்கிறது? காரியாலயத்தில் உள்ளவர்களுக்கும் இல்லை. சட்டைக்குள் இருக்கும் தழும்பை நாம் யாருக்கும் காட்டுவதில்லை. அதை எவரும் பொய் என்று சொல்வதுமில்லை. ஆனால் கலியாணம் பேசும் இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே மறுபக்கத்தார் நம்மைப் பார்த்து, நம்பி, ஆயுளுக்கும் ஒரு முடிவை எடுக்கிறார்கள். பொருளில் உள்ள குறையைச் சொல்லாமல் விற்பதையே தடுத்த மார்க்கம், மனிதர் பேசும் பேச்சில் அதை அனுமதிக்குமா? முப்பது வயதில் முன்தலை வழுக்கையான மாப்பிள்ளை பொய்முடியோடு பெண் பார்க்கப் போகலாம். அதைச் சொல்லாமல் நிக்காஹ்வில் உட்காரக் கூடாது. பெண்ணுக்கும் அதே நியாயம். படத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. அதைக் கேட்டுப் பின்வாங்கும் சம்பந்தம் பின்வாங்கட்டும்.

இங்கே நம் பெண்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முக்காடு போடும் பெண்ணின் முடியை அந்நியர் பார்ப்பதில்லை. அவள் பொய்முடி அணிந்தால் அது வீட்டுக்குள்ளே, கணவன், பிள்ளைகள், சகோதரிகள் முன்னே, பெண்கள் மட்டும் கூடும் கலியாண வீட்டிலே. அவர்களில் பெரும்பாலோருக்கு உண்மை தெரியும். தெரிந்தவர்கள் முன்னால் அணிவது எப்படி ஏமாற்றாகும்? மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் (இன்று அதன் பெயர் அபேக்ஷா) சிகிச்சை பெற்ற நாட்களில் என் ராத்தா ஒரு செயற்கை முடியை வாங்கி வைத்திருந்தார். ஏன் இது என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "நான் ஆருக்குத் தம்பி பொய் சொல்றன்? பேத்திக்கு என்ட தலை மொட்டெண்டு தெரியும். அவ பயமில்லாம என்ட மடியில வந்து இருக்கோணும். அவ்வளவுதான்." அந்த முடி அழகுக்காகவுமில்லை, மறைப்பதற்காகவுமில்லை. ஒரு குழந்தைக்கும் அதன் உம்மும்மாவுக்கும் இடையில் நோய் வந்து உட்காராமல் பார்த்துக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. துருக்கியில் 1997க்குப் பின் பல்கலைக்கழகங்களில் முக்காட்டுத் தடை இறுக்கப்பட்டபோது, மாணவிகள் சிலர் தம் முடிக்கு மேல் விக் அணிந்து வகுப்புக்குப் போனார்கள். முடியை மறைக்க முடி! அரசின் கண்ணுக்கு அது திறந்த தலை. அவர்களின் மனதுக்கு மூடிய தலை. ஒரே பொருள் ஓரிடத்தில் பொய்யாகவும் இன்னோரிடத்தில் மானத்தின் கடைசித் துணியாகவும் ஆகலாம் என்பதை அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள்.

வழுக்கைத் தலையன் ஒருவனை நேராகவே பேசும் ஹதீஸும் நம்மிடம் உண்டு. பனூ இஸ்ராயீலில் வெண்குஷ்டக்காரர், வழுக்கையர், குருடர் ஆகிய மூவரிடம் வானவர் அனுப்பப்பட்ட கதை. உனக்கு மிக விருப்பமானது எது என்று கேட்டதற்கு, அழகான முடி வேண்டும், மக்கள் என்னை அருவருக்கும் இந்த நிலை போக வேண்டும் என்று வழுக்கையர் கேட்கிறார். வானவர் அவரைக் கடியவில்லை. தலையைத் தடவிவிட முடி முளைக்கிறது, ஒரு சினைப் பசுவும் கிடைக்கிறது. முடியை விரும்பியது குற்றமாகவில்லை. பிறகு அதே வானவர் ஒரு வழுக்கையரின் கோலத்தில் வந்து உதவி கேட்கும்போது, இந்தச் செல்வம் என் முன்னோரிடமிருந்து வந்தது என்று அவர் கைவிரிக்கிறாரே, அங்கேதான் அவர் வீழ்கிறார். தான் ஒருநாள் இப்படி இருந்தவன் என்பதை மறுத்ததும், அதே குறையோடு வந்தவனை விரட்டியதும்தான் அவர் செய்த பொய். பொய்முடி அணிபவருக்கு இதைவிடப் பெரிய உபதேசத்தை நான் அறியேன்: தலையை மறைக்கலாம், தன்னை மறுக்கக் கூடாது.

இனி, முதன்முறை அணிபவருக்குச் சில நடைமுறைகள். புற்றுநோய் மருந்தால் முடி உதிரும் என்று வைத்தியர் சொன்னால், பொதுவாக முதல் மருந்து ஏறி 2, 3 வாரங்களில் உதிரத் தொடங்கும். அதற்கு முன்பே போய்த் தெரிவு செய்யுங்கள். சொந்த முடியின் நிறமும் சாயலும் கண்முன் இருக்கும். முடியை முன்கூட்டியே கட்டையாக வெட்டிவிட்டால் தலையணையில் கொத்துக்கொத்தாகக் காணும் அதிர்ச்சி குறையும். எல்லா மருந்துக்கும் முடி உதிர்வதில்லை. உதிர்ந்தாலும் பெரும்பாலோருக்கு மீண்டும் வரும், சில வேளை சுருளாகவோ நிறம் மாறியோ வரும். ஆகவே சில மாதத் தேவைக்குக் கடன்பட்டு வாங்காதீர்கள்.

செயற்கை இழை பாரம் குறைந்தது, விலையும் குறைந்தது, கழுவினாலும் அமைப்புக் குலையாது. ஆனால் சூடு அதற்கு எமன்: அடுப்படியில் பிரியாணிச் சட்டியைத் திறக்கும் ஆவியே முன்முடியைச் சுருக்கிவிடும். சமைக்கும்போது கழற்றிவிட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அவசியம். குளிர்ந்த நீரில், மென்மையான ஷம்பூவில் கழுவி, பிழியாமல் துவாயால் ஒற்றி, நிழலில் காயவிட்டு, காய்ந்தபின் நுனியிலிருந்து மேலாக வாருங்கள். இரவில் தலைக்கு ஓய்வு கொடுங்கள். பசை பூசி ஒட்டும் ஆண்கள் முதலில் கையில் சிறிது தடவி 24 மணித்தியாலம் பாருங்கள். தோல் சிவந்தால் அது உங்களுக்கு ஆகாது.

வணக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். வுழூவில் தலையின் ஒரு சிறு பகுதியை ஈரக்கையால் தடவினாலே ஷாபிஈ மத்ஹபில் போதும். ஆனால் அது உங்கள் தலையாக இருக்க வேண்டும், ஒட்டிய முடியாக இருக்கக் கூடாது. கடமையான குளிப்பில் தண்ணீர் தோலைத் தொட வேண்டும். வாரக்கணக்கில் கழற்ற முடியாதபடி ஒட்டும் முறை நம் வாழ்க்கைக்குப் பொருந்தாததற்கு இதுவே போதுமான காரணம். ஆண் இஹ்ராம் கட்டினால் தலை திறந்திருக்க வேண்டும். அல்லாஹ்வின் வீட்டுக்கு அவன் தந்த தலையோடு போவதுதான் அழகும்.

அணியாதவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தலை மழித்தவர்களுக்கு நபியவர்கள் திரும்பத் திரும்ப துஆச் செய்த சமுதாயம் நாம். பிறந்த குழந்தையின் முடியை இறக்கி அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்பவர்கள் நாம். ஒஸ்தா மாமா வீடு வீடாக வந்து பெரியவர்களுக்கு மொட்டையடித்த காலம் தூரத்தில் இல்லை. 1905இல் சட்டத்தரணி அப்துல் காதரின் துருக்கித் தொப்பியை உயர்நீதிமன்றம் கழற்றச் சொன்னபோது மருதானையில் ஊர்திரண்டு நின்றதும் நம் முன்னோரே. ஒருவன் தன் தலையில் எதை வைப்பது என்பது அவன் மானத்தோடு சம்பந்தப்பட்டது என்று அன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருக்க, வழுக்கையை ஐபாக்கிப் பட்டப்பெயர் வைத்தது யார்? கலியாண வீட்டில் ஒருத்தியின் முடியை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளின் காதில் குனிந்தது யார்? பொய்முடிக் கடைக்கு அவர்களை அனுப்பி வைப்பதில் பாதிப் பங்கு அந்தப் பார்வைக்கு உண்டு.

ஹறாமா ஹலாலா என்று அணிபவரிடம் கேட்பதற்கு முன், பிறர் உடலைப் பரிகசிப்பதும் புறம் பேசுவதும் ஹறாம் என்பதை நாம் நமக்குச் சொல்லிக்கொள்வோம். அதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேற்றுமை இல்லை.