அனுபவசாலியா, புதியவரா? பொறுப்பு ஓர் அமானிதம்



நம் பிள்ளைகள் இரவு கண்விழித்து ஐரோப்பியக் கால்பந்து பார்க்கிறார்கள். ஒரு பெரிய கிளப் தன் பயிற்சியாளரை நீக்கிவிட்டால் அவர்களுக்குள் விவாதம் தொடங்கிவிடும். அடுத்து வர வேண்டியவர் கோப்பைகள் வென்ற அனுபவசாலியா, இன்னும் தன்னை நிரூபிக்காத புதியவரா? விளையாட்டுப் பேச்சுதானே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

2008-ல் பார்சிலோனா கிளப்பின் முன் இருவர் இருந்தனர். ஒருவர் மூரினோ, 2004-ல் போர்ட்டோ அணிக்கு சாம்பியன்ஸ் லீக் வென்று கொடுத்தவர். மற்றவர் 37 வயது கார்டியோலா. அதே கிளப்பின் இரண்டாம் அணியை ஓராண்டு மட்டும் நடத்தியவர். கார்டியோலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் லீக் ஆட்டத்தில் சிறிய அணியான நுமான்சியாவிடம் தோல்வி, அடுத்தது டிரா. நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. அந்தப் பருவத்திலேயே மூன்று பெரிய கோப்பைகளும் வந்து சேர்ந்தன.

அப்படியானால் புதியவர்தான் சரியா? 2020-ல் யுவென்டஸ், ஓர் ஆட்டத்தைக்கூடப் பயிற்சியாளராக நடத்தியிராத பிர்லோவிடம் அணியைக் கொடுத்தது. இத்தாலியக் கோப்பை கிடைத்தது. ஆனால் தொடர்ந்து ஒன்பது முறை லீக் வென்ற அணி நான்காம் இடத்திற்கு இறங்கியது. ஒரே பருவத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

சரி, அனுபவசாலியா? 2013-ல் மான்செஸ்டர் யுனைடெட், எவர்டனில் 11 ஆண்டுகள் பணியாற்றிய மோயஸை ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்தது. பத்து மாதத்தில் நீக்கிவிட்டது.

சகோதரர்களே! கார்டியோலா உலகத்துக்குப் புதியவர்; தேர்ந்தெடுத்தவர்களுக்குப் புதியவர் அல்லர். சிறுவயது முதல் அந்தக் கிளப்பில் வளர்ந்தவர். அவர் வேலை செய்யும் விதத்தை ஓராண்டு கண்ணால் பார்த்திருந்தார்கள். பிர்லோவிடம் இருந்ததோ, ஆட்டக்காரராகப் பெற்ற புகழ். புகழை நம்பிச் சுமையை ஏற்றுவது, சுமப்பவருக்கும் செய்யும் அநீதி.

நபி (ஸல்) அவர்கள், இஸ்லாத்திற்கு வந்து சில மாதங்களே ஆன அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைத் தாத்துஸ் ஸலாஸில் படைக்குத் தளபதியாக்கினார்கள். அபூபக்ரும் உமரும் (ரலி) அவருக்குக் கீழே நின்றார்கள். போர்த்திறன் அங்கே தேவைப்பட்டது. பிறகு, இளைஞரான உஸாமா (ரலி) அவர்களைப் பெரிய ஸஹாபாக்கள் இருந்த படைக்குத் தலைவராக்கினார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் உஸாமா நபியவர்களின் கண்முன் வளர்ந்தவர்.

நபியவர்களின் மறைவுக்குப் பின் அவரை மாற்றும்படி சொல்லப்பட்டபோது அபூபக்ர் (ரலி) மறுத்தார்கள். உஸாமா வாகனத்தில் இருக்க, கலீஃபா நடந்து சென்று வழியனுப்பினார்கள். உமரை மதீனாவில் நிறுத்திக்கொள்ள விரும்பியபோதும் உத்தரவிடவில்லை. உஸாமாவிடம் அனுமதி கேட்டார்கள்.

தேர்ந்தெடுப்பவருக்கு இரண்டு கடமைகள். ஆளையும் பணியையும் அறிந்து கொடுக்க வேண்டும். கொடுத்த பின் நியாயமான அவகாசம் தந்து துணை நிற்க வேண்டும். நம் ஜமாஅத் நிர்வாகத்திற்கோ பள்ளிக்கூடத்திற்கோ ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, "எத்தனை ஆண்டு அனுபவம்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இவரை நாம் எவ்வளவு அறிவோம்? முதல் தோல்வியில் இவருடன் நிற்போமா?" என்றும் கேளுங்கள்.

அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.