காய்க்க விடாத கொடி

ஒரு செடியின் அழகை நீட்டிப்பதற்காக, அது எதன்பொருட்டுப் பூக்கிறதோ அதையே தடுப்பது தகுமா என்னும் கேள்விக்கு ஸ்வீட் பீ வளர்க்கும் வீட்டுத் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. லத்தைரஸ் ஒடோரேட்டஸ் என்று தாவரவியலார் குறிக்கும் இக்கொடி பட்டாணியின் உறவு. முளைத்து, பூத்து, விதை முற்றியதும் மடிந்துபோகும் ஒருபருவச் செடி. சிசிலியில் இயல்பாக வளர்ந்த இதன் விதைகளை பிரான்செஸ்கோ குப்பானி என்னும் பிரான்சிஸ்கன் துறவி 1699ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆங்கிலேயரின் வீட்டுத் தோட்டங்களில் அது நிலைகொண்டது.

கொடியில் காய் பிடித்து முற்றத் தொடங்கினால் பூப்பது ஓய்ந்துவிடும் என்பதால், வளர்ப்பவர் மலர்ந்த காம்புகளை ஓரிரு நாளுக்கொருமுறை அறுத்துக்கொண்டே இருக்கிறார். விதை வைக்க முடியாத கொடியும் மீண்டும் மீண்டும் பூக்கிறது. போட்டிக்கு வளர்ப்போர் இன்னும் ஒருபடி மேலே சென்று, பக்கக் கிளைகளையும், பற்றிப் படரும் சுருள்களையும் கிள்ளியெறிந்து, எஞ்சிய ஒற்றைத் தண்டை மூங்கில் கழியோடு கட்டி, செடியின் வலிமை முழுவதையும் சில பெரிய பூக்களுக்குள் செலுத்துகின்றனர்.

ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், 1790இல் வெளிவந்த தம் அழகியல் நூலில், மலர்களைக் கட்டற்ற அழகுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். பொருள் எதற்காக உள்ளது என்னும் எண்ணத்தைச் சாராமல், பார்த்த அளவிலேயே மகிழ்விக்கும் அழகையே அவர் அவ்வாறு அழைத்தார். பூ என்பது இனப்பெருக்க உறுப்பு என அறிந்த தாவரவியலாரும் அதன் அழகை மதிப்பிடும்போது அந்த அறிவைக் கருத்தில் கொள்வதில்லை என்பது அவர் வாதம். காட்டுப் பூவைக் கண்டு நிற்பவருக்கு இது பொருந்தும். ஸ்வீட் பீ வளர்ப்பவரோ அந்த நோக்கத்தை மனத்தளவில் மறப்பதோடு நில்லாமல், கத்தரிக்கோலால் வெட்டியே அகற்றுகிறார். பற்றற்ற பார்வை என்று காண்ட் சொன்னது இங்கே செடியின் வாழ்வில் குறுக்கிடும் செயலாகிவிடுகிறது.

இச்செயல் தீங்காகுமா என்பது அடுத்த வினா. தன்னைப் போன்ற மற்றொன்றைப் பிறப்பிப்பதே உயிர்களுக்கு மிக இயல்பான தொழில் என்று கருதிய அரிஸ்டாட்டில், தாவரங்களுக்குப் புலனுணர்வு இல்லையென்றும் கொண்டார். அவர் வழியில் பார்த்தால் இங்கே நோக்கம் தடைப்படுகிறதே தவிர வலி இல்லை. தாவரத்தை ஓரறிவுயிர், அதாவது தொடுவுணர்வு மட்டும் உடைய உயிர், என்று வகுக்கும் சமண மரபு இவ்வளவு எளிதாக விட்டுவிடாது. காய்கறிப் பட்டாணி பயிரிடுபவர் பசியைக் காரணம் காட்டலாம். ஸ்வீட் பீயின் விதை நச்சுத்தன்மை உடையது, உண்ணத்தகாதது, ஆகவே இத்தோட்டத்தில் அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை.

மனிதரின் விருப்பமே இவ்வினத்தைப் பெருக்கியது என்னும் மறுமொழி வலுவானதாகத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி எக்ஃபோர்டு என்னும் தோட்டக்கலைஞர் பூவைப் பெரிதாக்கினார். 1901இல் சைலஸ் கோல் என்னும் தோட்டக்காரர் காட்சிக்கு வைத்த ‘கவுண்டஸ் ஸ்பென்சர்’ வகையோடு அலையலையான இதழ்கள் புகழ்பெற்றன. ஆனால் இனத்துக்குக் கிடைத்த நன்மை, வெட்டுப்படும் தனிக்கொடிக்குக் கிடைத்த நன்மையாகாது. இச்செடி முழுக்க மனிதப் படைப்பு என்றும் சொல்வதற்கில்லை: மரபியலாளர்களான பேட்சனும் பன்னெட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைப் பூ வகைகள் இரண்டைக் கலந்தபோது, சிசிலிக் கொடியை ஒத்த ஊதாப் பூக்களே பிறந்தன. தேர்வு செய்து தேர்வு செய்து மறைத்த இயல்பு அழிந்துவிடவில்லை.

அடுத்த ஆண்டுக்கு விதை சேர்ப்பவர்கள் நல்ல கொடிகள் சிலவற்றைப் பறிக்காமல் விடுவார்கள். பூ விரியுமுன்பே தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால் விதை பெரும்பாலும் தாயைப் போலவே முளைக்கும். அக்கொடிகள் பூப்பதை நிறுத்தி, மஞ்சளித்து, உலர்ந்த காய் முறுக்கிக்கொண்டு வெடிக்கும் நிலைக்கு வருகின்றன. தோட்டத்தில் அரிஸ்டாட்டில் சொன்ன நிறைவை எட்டுபவை அவை மட்டுமே. அந்த நிறைவும் அவற்றுக்கு வாய்ப்பது, வரும் ஆண்டில் வெட்டப்படவிருக்கும் பூக்களின் பொருட்டே.